மஞ்சளாகத் தெரிந்த வத்தல்

பங்குனி வெயிலில் ஆலங்கண்மாய் ஊர்க்களம் முழுக்க மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. களத்தின் ஓரத்து வேப்பமர நிழலில் ராக்குவும் அவள் மருமகள் உமையாளும் எதிரெதிரே உட்கார்ந்து, காய்ந்த வத்தலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகச் சிவந்தது ஒரு குவியல். நிறம் வெளுத்ததற்குச் சண்டு என்று பெயர். அது தனிக் குவியல். இந்த வேலையில் ராக்குவின் கண்ணை வியாபாரிகள் எல்லோரும் நம்பினார்கள். ராக்கு வீட்டு மூட்டை என்றால் கையை விட்டுக் கிளறிப் பார்க்காமலே எடை போட்டுவிடுவார்கள்.

அன்று உமையாள் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தபோது, மாமியாரின் சண்டுக் குவியல் நல்ல குவியலைவிடப் பெரிதாக இருந்தது.

"என்ன அயித்த இது? நல்ல வத்தலையெல்லாம் சண்டுல போட்டுக்கிட்டு இருக்கீக?"

"எதுடி நல்ல வத்தல்? பூராவும் மஞ்சப் பூத்துப் போயி கெடக்கு. கண்ணு தெரியலையா ஒனக்கு?"

உமையாள் அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். குங்குமமாகச் சிவந்திருந்தது. எதிர்த்துப் பேசினால் மாமியாருக்குப் பிடிக்காது. ராக்கு தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில், தள்ளியதையெல்லாம் அள்ளி நல்ல குவியலில் சேர்த்தாள்.

அன்று மத்தியானம் ராக்கு கஞ்சியைத் தொடவில்லை. குமட்டுகிறது என்றாள். மறுநாளும் அதே கதை. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வானம் மஞ்சளாக இருக்கிறது, சுவர் மஞ்சளாக இருக்கிறது, விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் வந்து பார்த்துவிட்டு, இது காமாலைதான் என்று முடிவு கட்டினாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். அதுவும் வயிற்றில் தங்கவில்லை. கட்டிலை விட்டு எழுந்தாலே கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

"ஆத்தா, கெளம்பு. உச்சிப்புளிக்குப் போவோம்" என்றான் மகன் மருதுபாண்டி.

"அந்தப் பாய் டாக்டருகிட்டயா? நம்ம நோவைச் சொல்லிக்கிட்டு இருக்கையில அவரு குனிஞ்சு செல்போனுல வெளையாடிக்கிட்டு இருப்பாரு. நான் வரலை."

மருதுபாண்டி கேட்கவில்லை. ஆட்டோவை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, தாயைக் கைத்தாங்கலாக ஏற்றினான். உமையாள் வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் சுஐபு புதுமடத்துக்காரர். உச்சிப்புளி ரயில் நிலையத்துக்கு எதிரே ஓட்டுக் கட்டடம் ஒன்றில் கிளினிக் நடத்திவந்தார். ராக்கு சொன்ன செல்போன் உண்மையில் செல்போன் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கணினி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அதன் திரையில் ஒரு குச்சியால் எழுத வேண்டும். ஆயிரக்கணக்கான மருந்துகளின் விவரம் அதற்குள் இருந்தது. எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் என்னென்ன தொந்தரவு வரலாம் என்பதெல்லாம் வரும். இரண்டு மூன்று மருந்துகளின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்பதையும் சொல்லும். சுஐபுவுக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான். அவ்வப்போது ராமநாதபுரம் போய், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து புது விவரங்களை ஏற்றிக்கொண்டு வருவார்.

ஆனால் 2005-ஆம் வருஷத்தில் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது பழக்கமில்லாத காட்சி. முன்பு இருந்த டாக்டர் ஆளைப் பார்த்ததுமே சீட்டு எழுதுவாராம். இவருக்குப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறதாம். இந்தப் பேச்சு காதில் விழுந்த பிறகு சுஐபு அந்தக் கருவியை மேஜை மேல் வைப்பதை விட்டுவிட்டார். மேஜைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல் குனிந்து பார்ப்பார். அதுதான் விளையாட்டாகத் தெரிந்தது.

வாந்தி, காமாலை என்று மட்டும் மருதுபாண்டி சொல்ல, ராக்குவை உட்காரவைத்து அவர் நாக்கைப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். விழி வெள்ளையாகத்தான் இருந்தது.

"ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுதா ஆத்தா?"

"இல்ல தம்பி. அது எப்பவும் போலத்தான் போகுது."

"வயித்துக்கு வைத்தியம் ஏதும் பாத்தீங்களா?"

மருதுபாண்டி பதில் சொன்னான். வயிற்றெரிச்சல் என்று ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றில் புண் என்று சொல்லி இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு வாரம் முடிந்துவிட்டது.

சிலபேருக்கு அந்த மாத்திரைகளே குமட்டலைக் கொடுக்கும். காமாலைக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும், வாந்தி நிற்க ஓர் ஊசியும் எழுதிவிடலாம் என்று சுஐபு பேனாவை எடுத்தார். வெளியே பெஞ்சில் கூட்டம் காத்திருந்தது.

ராக்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பவும் வெள்ளைச் சட்டைதான போட்டிருப்பீக தம்பி? இன்னைக்கென்ன மஞ்சச் சட்டை? வீட்டுல விசேசமா?" என்றாள்.

சுஐபு குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை. காலையில் மனைவி இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தது.

பேனாவை மூடி வைத்தார். ராக்குவின் கையை எடுத்து நாடியைப் பிடித்தார். அடுத்த துடிப்பு வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு மெதுவாக, ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வந்தது.

"ஆத்தா, நெஞ்சுக்கு ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"அது பத்து வருசமாச் சாப்பிடுறேன். மதுரையில எழுதிக் குடுத்தது. இருதயத்துல ஏதோ வால்வு சரியா மூட மாட்டேங்குதாம்."

"வயித்துக்குப் பாத்த டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"வயித்துக்குப் போன எடத்துல நெஞ்சைப் பத்தி எதுக்குத் தம்பி சொல்லணும்?"

உமையாள் துணிப்பையை மேஜையில் கவிழ்த்தாள். இருதய மாத்திரையின் அட்டையைச் சுஐபு எடுத்துப் பார்த்தார். டிஜாக்சின். அளவு மீறினால் குமட்டும், நாடி குறையும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். இது அவர் கல்லூரியில் படித்ததுதான்.

"இதை எப்படிம்மா குடுக்குறீங்க?" என்று உமையாளைக் கேட்டார்.

"காலையில ஒண்ணு சார். வியாழனும் ஞாயிறும் குடுக்கக் கூடாதுன்னு மதுரையில சொல்லியிருக்காக. ஒருநாளும் நான் மாத்திக் குடுத்ததில்ல."

அவள் சொன்னதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அப்படியானால் பத்து வருஷமாக ஒரே அளவில் சாப்பிட்டு ஒத்துப்போன மாத்திரை இப்போது ஏன் இப்படிச் செய்கிறது? புதிதாக உள்ளே போனது வயிற்று மாத்திரைகள்தான். மூன்று வகை இருந்தன. இரண்டின் பெயர் தெரிந்தது. மூன்றாவதில் நாலு மாத்திரை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர் அச்சடித்த பகுதியை வெட்டிவிட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"சீட்டு எங்க?"

"மருந்துக் கடையில இருக்கு சார். பாதி மாத்திரைதான் இருந்துச்சு. மிச்சத்தை வாங்க வரும்போது தாரேன்னு உக்கிரபாண்டி அண்ணன் வச்சுக்கிட்டாரு."

மாத்திரை உறையின் மேல் கடையின் தொலைபேசி எண் இருந்தது. சுஐபு உடனே கூப்பிட்டார். உக்கிரபாண்டி சீட்டைத் தேடி எடுத்து, மிச்சம் வைத்திருந்த அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கிளாரித்ரோமைசின்.

"என்ன சார், ஏதும் தப்பா?" என்று அவர் குரல் பதறியது.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே. சீட்டைப் பத்திரமா வைங்க."

இப்போது சுஐபு அந்தக் கருவியை எடுத்து மேஜை மேலேயே வைத்தார். ராக்கு மருதுபாண்டியின் விலாவில் இடித்து, "பாரு, எடுத்துட்டாரு" என்று முணுமுணுத்தாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. குச்சியால் முதல் மருந்தின் பெயரை எழுதினார். இரண்டாவதை எழுதினார். இரண்டும் ஒத்துப்போகுமா என்று கேட்டார்.

பச்சை நிறத் திரையில் நாலைந்து வரிகள் வந்தன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் டிஜாக்சின் உடம்பில் தேங்கும். நஞ்சாக மாறும் அளவுக்கு ஏறலாம். இருதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டும். சுஐபு அதை இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"ஆத்தா, இது காமாலை இல்ல. ரெண்டு மாத்திரையும் நல்ல மாத்திரைதான். தனித்தனியாக் குடுத்தா ஒரு தொந்தரவும் இல்ல. சேத்துக் குடுத்தா, நெஞ்சு மாத்திரை வெளிய போக முடியாம ஒடம்புலயே தங்கிப்போகும். நீங்க தெனமும் ஒண்ணுதான் சாப்பிட்டீங்க. ஒடம்புக்குள்ள அது ரெண்டு மூணாச் சேந்திருக்கு. அதான் நாடி எறங்கிக் கெடக்கு. பாக்குறதெல்லாம் மஞ்சளாத் தெரியுறதும் அதனாலதான்."

"அந்தப் பொட்டியா சொல்லுச்சு?"

"ஆமா. ஆனா நீங்க என் சட்டையப் பத்திச் சொல்லலைன்னா நான் இதுல தேடியிருக்கவே மாட்டேன். ஊசியப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

மருதுபாண்டியின் முகம் வெளிறிவிட்டது. "இப்ப என்ன சார் செய்யணும்?" என்றான்.

"ரெண்டு மாத்திரையையும் இந்த நிமிஷமே நிறுத்தணும். உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். மிஷின் வச்சு நெஞ்சைப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஆட்டோ வேண்டாம், என் கார்ல போவோம். ஒனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"டிராக்டர் ஓட்டுற கைதான் சார். ஓட்டிருவேன்."

"அப்ப நீ ஓட்டு. நான் பின்னாடி ஆத்தாகூட இருக்கணும்."

வெளியே காத்திருந்தவர்களிடம் சாயங்காலம் வரச் சொன்னார். ஒருவர் முகம் சுளித்தார். ஆனால் ராக்குவைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அவரே எழுந்து வந்து காலைப் பிடித்துத் தூக்கிக் காரில் ஏற்ற உதவினார்.

வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. ராமேசுவரம் போகும் ரயில் வர வேண்டும். பின் இருக்கையில் உமையாளின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த ராக்கு, ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கண் சொருகிக்கொண்டது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அயித்த! அயித்த!" என்று உமையாள் அலறினாள்.

ராக்குவின் மணிக்கட்டைப் பிடித்திருந்த சுஐபு, கையை எடுத்து அவள் கழுத்தில் வைத்தார். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. விரலுக்கடியில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு துடிப்பு வந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்றும் வந்தது. ராக்கு பெருமூச்சு விட்டுக் கண்ணைத் திறந்து, "ஏன்டி கத்துற?" என்றாள். உமையாள் அழுதுகொண்டே அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள். ரயில் தடதடவென்று போய் முடிந்தது. கேட் முழுதாகத் தூக்குவதற்குள் மருதுபாண்டி வண்டியைக் கிளப்பிவிட்டான்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் பணியில் இருந்தவர் டாக்டர் குருநாதன். சுஐபு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிக் கருவியைக் காட்டினார். குருநாதன் அதை ஒரு பார்வை பார்த்தார், வாங்கவில்லை. முதலில் இசிஜி எடுக்கச் சொன்னார். காகிதம் நீளமாக ஓடி வந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் பிறகு அவர் யாரிடமும் கேள்வி கேட்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, நாடியைத் தூக்கும் ஊசியைப் போடச் சொன்னார். ராக்குவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

மத்தியானத்துக்கு மேல் நாடி கொஞ்சம் ஏறியது. குருநாதன் வெளியே வந்து சுஐபுவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வாந்தின்னு மட்டும் சொல்லி வந்திருந்தாங்கன்னா, நான் குளுக்கோஸ் ஏத்தி வார்டுல படுக்க வச்சிருப்பேன் டாக்டர். வழக்கமாச் சாப்பிடுற மாத்திரையையும் தொடர்ந்து குடுக்கச் சொல்லியிருப்பேன். எல்லாம் முறைப்படி செஞ்சே அந்த அம்மாவைப் பறிகொடுத்திருப்போம்."

"எனக்கும் அதேதான் டாக்டர். பேனாவை எடுத்துட்டேன்."

"அதை இப்ப குடுங்க பாப்போம்" என்று குருநாதன் கையை நீட்டினார். அன்று தன் வார்டில் இருந்த நோயாளிகளின் மருந்துகளை ஒவ்வொன்றாக அதில் எழுதிப் பார்த்தார். ஒரு கட்டத்தில் எழுந்து போய் ஒருவருக்குக் கொடுக்கும் அளவைக் குறைக்கச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். மின்சாரம் குறைகிறது என்று கருவி எச்சரித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் கிளினிக்கை முடித்துவிட்டுச் சுஐபு வந்து பார்த்துவிட்டுப் போனார். உடம்பில் தேங்கிய மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. மூன்றாம் நாள் ராக்கு இட்லி கேட்டாள். மறுநாள் காலையில் போர்த்தியிருந்த கம்பளியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏத்தா உமையா, இது செவப்புக் கம்பளியா? சாயம் போன பழைய கம்பளியக் குடுத்துட்டாகன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

உமையாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ராக்கு கம்பளியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்குக் களத்துல நான் சண்டுல தள்ளுனதையெல்லாம் என்ன செஞ்ச?"

"நீங்க தண்ணி குடிக்கப் போனதும் அள்ளி நல்லதுல சேத்துட்டேன் அயித்த."

"கண்ணு தெரியலையான்னு ஒன்னை ஏசுனேன்ல?"

"ஏசினா என்ன? எந்திரிச்சு ஒக்காந்துட்டீகல்ல, அது போதும்."

ராக்கு மருமகளின் கையை இழுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியார் தன்னை அப்படித் தொட்டதாக உமையாளுக்கு நினைவில்லை.

அன்று சாயங்காலம் சுஐபு வந்தபோது, ராக்கு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பொட்டிய இங்கன குடுங்க தம்பி" என்று கேட்டு வாங்கினாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, பிறந்த பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள்.

"செல்போனுல வெளையாடுறீகன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மனசுல வச்சுக்கிறாதீக. இது எங்கன வாங்குனது?"

"நான் வாங்கலை ஆத்தா. எங்க காக்கா அனுப்புனது." அண்ணனை அவர்கள் வீட்டில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "கலந்தர்னு பேரு. சவூதியில தம்மாம்ல இருக்கார்."

"அவரும் டாக்டரா?"

"இல்ல ஆத்தா. அங்க ஒரு ஆஸ்பத்திரியில தரை துடைக்கிற வேலை. வாப்பா மவுத்தாகி எங்களை விட்டுப் போனப்ப நான் பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டு இருந்தேன். காக்கா படிப்பை விட்டுட்டு அந்த வேலைக்குப் போனார். அவர் அனுப்புன காசுலதான் நான் டாக்டருக்குப் படிச்சேன். அந்த ஆஸ்பத்திரியில எகிப்து நாட்டு டாக்டர் ஒருத்தர் இதை வச்சுப் பாத்துப் பாத்து மருந்து எழுதுவாராம். அவர் ஊருக்குப் போறப்ப சாமானையெல்லாம் வித்தாராம். மத்தவங்க டி.வி.யும் ஃபிரிஜ்ஜும் வாங்குனாங்க. எங்க காக்கா, என் தம்பிக்கு ஆகும்னு இதைக் கேட்டு வாங்கியிருக்கார்."

"இது ஒரு உசிரைக் காப்பாத்துச்சுன்னு அவருக்குச் சொன்னீகளா?"

சுஐபு தயங்கினார். "வந்து சேந்துச்சுன்னு மட்டும் சொன்னேன் ஆத்தா. அதுக்கு மேல ஒண்ணும் சொன்னதில்ல."

"நல்ல தம்பிதான் போங்க. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள அவருகிட்டப் பேசணும். ஏற்பாடு பண்ணுங்க."

வெள்ளிக்கிழமை கலந்தருக்கு விடுமுறை. ராக்குவை வீட்டுக்கு அனுப்பியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். ஜும்ஆ தொழுகை முடித்து வந்த சுஐபு, ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத் தன் கைபேசியில் அண்ணனைப் பிடித்து, விஷயத்தைச் சொல்லாமல் ராக்குவின் கையில் கொடுத்தார். ராக்கு அவ்வளவு தூரத்துக்குக் கேட்க வேண்டுமே என்று சத்தம் போட்டுப் பேசினாள்.

"தம்பி! நான் ஆலங்கண்மாய் ராக்கு பேசுறேன். ஒங்களுக்கு என்னையத் தெரியாது. நீங்க ஒங்க தம்பிக்கு ஒரு பொட்டி அனுப்புனீகல்ல, மருந்து பாக்குற பொட்டி? அதை வச்சுத்தான் தம்பி நான் இன்னைக்கு எந்திரிச்சு நிக்கேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ராக்கு கைபேசியைப் பார்த்தாள். பிறகு கலந்தரின் குரல் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். ஆத்தா, நான் இங்க தரை தொடைக்கிறவன். பழைய சாமானை வாங்கி அனுப்பிட்டோமே, தம்பி வெக்கப்பட்டுத் தூக்கி மூலையில போட்டிருப்பான்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"மூலையிலயா? அவரு சட்டைப் பையில இருக்கு. ஊருக்கு வந்தா எங்க வீட்டுக்கு வாங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

சுஐபு கைபேசியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, வேப்பமரத்தடிக்குத் தள்ளிப் போய் நின்று பேசினார். நெடுநேரம் பேசினார்.

ராக்குவுக்கு மதுரை டாக்டர் இருதய மாத்திரையைக் குறைந்த அளவில் திரும்ப ஆரம்பித்துக் கொடுத்தார். வயிற்றுப் புண்ணுக்கு ராமநாதபுரத்து டாக்டரே வேறு மருந்து எழுதினார். நெஞ்சுக்குச் சாப்பிடுவதை இந்தத் தடவை ராக்கு முதல் வார்த்தையாகச் சொல்லியிருந்தாள். ஆலங்கண்மாயிலிருந்து யார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலும், அவர்களை மறித்து நிறுத்தி, "வீட்டுல இருக்குற மாத்திரை அம்புட்டையும் எடுத்துக்கிட்டியா? எடுத்துக்கிட்டுப் போ" என்று அனுப்புவது அவள் வழக்கமானது. உச்சிப்புளி கிளினிக்கில் ஜனங்கள் பையும் கையுமாக வர ஆரம்பித்தார்கள். சுஐபு அதன்பின் கருவியை மேஜைக்கு அடியில் வைக்கவே இல்லை. கொஞ்சம் தாமதமானால் அவர்களே, "பொட்டியில பாத்துட்டீகளா சார்?" என்று கேட்டார்கள். மதுரைக்குப் போனபோது குருநாதனும் தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கலந்தர் ஊருக்கு வந்தார். வந்த வாரத்திலேயே ராக்குவிடமிருந்து ஆள் வந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் இருவர் மனைவிமாரும் ஆலங்கண்மாய்க்குப் போனார்கள். உச்சிப்புளி பாய் கடையில் அறுத்த கோழிதான் வேண்டும் என்று மருதுபாண்டியைக் காலையிலேயே அனுப்பி வாங்கிவரச் செய்திருந்தாள் ராக்கு. உமையாள் குழம்பு வைத்திருந்தாள். வீட்டுக் கூடத்தில் இலை போட்டிருந்தது.

கலந்தர் ஒல்லியான மனிதர். தலை நன்றாக நரைத்துவிட்டது. எல்லோரும் தன்னையே பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. இலையில் உட்காரும் முன்பு சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்து, யாரும் பார்க்காதபடி வாயில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். ராக்குவின் கண்ணிலிருந்து எது தப்பும்?

"அது என்ன மாத்திரை தம்பி?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. சும்மா."

சுஐபு திரும்பிப் பார்த்தார். "என்ன மாத்திரை காக்கா?"

கலந்தர் தலையைக் குனிந்துகொண்டார். "சீனி வியாதிக்கு ஒண்ணு. பிரஷருக்கு ஒண்ணு. மூணு வருசமாச் சாப்பிடுறேன். நீ கவலைப்படுவேன்னு சொல்லலை."

ஊரிலுள்ள எல்லோருடைய மாத்திரையும் சுஐபுவுக்குத் தெரியும். அண்ணனுடையது தெரியாது. எழுந்து வந்து அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த இரண்டையும் வாங்கினார். பையிலிருந்த அட்டைகளையும் கேட்டு வாங்கிப் பெயரைப் படித்தார். கருவியை எடுத்துத் தொடைமேல் வைத்து, குச்சியால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். தான் வாங்கி அனுப்பிய பொருள் வேலை செய்வதைக் கலந்தர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம்பியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ராக்குவும் உமையாளும் பரிமாறுவதை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"ஒத்துப்போகுது காக்கா. ரெண்டும் ஒத்துப்போகுது. நல்ல டாக்டர்தான் எழுதியிருக்கார்" என்றார் சுஐபு. "நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்க. ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

"வாரேன்டா."

"நாளைக்குப் போகலாம். இப்ப சோறு ஆறுது" என்று சொல்லிக்கொண்டே ராக்கு கலந்தரின் இலையில் குழம்பை ஊற்றினாள்.